டிரைவர் பேட்டா

என் கணவர் மலை பஸ் டிரைவர். காரவள்ளியில் தொடங்கி எழுபது கொண்டை ஊசி வளைவு ஏறி மேலே வருகிற பஸ்ஸைப் பத்தொன்பது வருஷமாக ஓட்டிக்கொண்டிருக்கிறார். நான் வாழவந்தி நாட்டில் பள்ளிக்கூட டீச்சர். எங்களுக்கு ஒரே பெண். அவள் ஒன்பதாவது முடித்த மே மாதத்தில், அடுத்த வருஷம் பத்தாவது, அப்புறம் பதினொன்று, பன்னிரண்டு, இனிமேல் எங்கேயும் கூட்டிப்போக மாட்டீர்கள் என்று கணக்கு வாத்தியார் மாதிரி நிரூபித்துவிட்டு, இந்த வருஷமே காட்டில் புலி பார்க்க வேண்டும் என்றாள். அதோடு ஒரு பெரிய ஊரில் இரண்டு நாள் தங்க வேண்டும். எங்கள் ஊரில் லிஃப்ட் இல்லை, எஸ்கலேட்டர் இல்லை, ஒன்றுமே இல்லை என்பது அவளுடைய நிரந்தரப் புகார்.

மைசூர் என்று முடிவானது. ஊரும் ஆச்சு, எண்பது கிலோமீட்டர் தள்ளிக் காடும் ஆச்சு. கணவருக்கு ஐந்து நாள் லீவு கிடைத்தது. பட்ஜெட் போடும் வேலை என்னுடையது. எங்கள் வீட்டில் அது எப்போதும் என்னுடைய வேலைதான். என் சிக்கனம் பள்ளிக்கூடம் முழுக்கப் பிரசித்தம். மற்றவர்கள் கேலி செய்தால் எனக்குக் கோபம் வராது, உள்ளுக்குள் பெருமையாகத்தான் இருக்கும்.

பழைய கட்டம் போட்ட நோட்டு ஒன்றை எடுத்து, நடுவில் கோடு கிழித்து, இடது பக்கம் காடு, வலது பக்கம் ஊர் என்று தலைப்புப் போட்டேன். சீட்டு எடுத்த பணம் நாற்பதாயிரம் இருந்தது. அதற்கு மேல் ஒரு பைசா போகக்கூடாது என்பது சட்டம். ரயிலில் போகலாமா என்று பார்த்தால் மூன்று பேருக்கும் வெயிட்டிங் லிஸ்ட். அதுவுமில்லாமல் மைசூரிலிருந்து காட்டுக்குத் தனியாக வண்டி வைக்க வேண்டும். முள்ளுக்குறிச்சியில் இருக்கிற என் தம்பியிடம் கார் இருக்கிறது. அவனுக்குப் போன் போட்டேன். "மாமா ஓட்டறதா இருந்தா தாராளமா எடுத்துட்டுப் போக்கா. வேற ஆளு கையில மட்டும் குடுத்துராத" என்றான். வண்டி வாடகை என்ற இடத்தில் சைபர் போட்டபோது எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தை வேறு எதனோடும் ஒப்பிட முடியாது.

அப்புறம் காட்டுப் பக்கம். காட்டை ஒட்டித் தங்குகிற இடங்களைச் செல்போனில் தேடிப் பார்த்தோம். ஒரு ராத்திரிக்கு அவர்கள் கேட்ட பணத்தில் நாங்கள் ஆறு மாத வீட்டு வாடகை கொடுத்துவிடலாம். படத்தில் கட்டிலின் மேல் ரோஜா இதழைத் தூவி வைத்திருந்தார்கள். அந்த இதழுக்கும் சேர்த்துத்தான் பணம் வாங்குவார்கள் என்று சொல்லி அந்த வரியை அடித்தேன். மூன்று ராத்திரியும் மைசூர் லாட்ஜிலேயே தங்குவது, மூன்றாம் நாள் மத்தியானம் காட்டுக்குக் காரில் போய், சாயங்கால சஃபாரி பார்த்துவிட்டுத் திரும்பி வருவது. ஒரே அடியில் பத்தாயிரத்துக்கு மேல் மிச்சம்.

அவர் அப்போது கட்டிலில் உட்கார்ந்து கால் கட்டை விரலை நீவிக்கொண்டிருந்தார். நான் சத்தமாகப் படித்துக்கொண்டே எழுதுவதால் எல்லாம் அவர் காதில் விழுந்துகொண்டுதான் இருந்தது. பெட்ரோல் செலவை எழுதி முடித்ததும் அவர் சொன்னார்:

"டிரைவர் பேட்டான்னு ஒரு வரி போடு. ஆக்டிங் டிரைவர் ஒருத்தர வச்சுக்கலாம். நானும் ஒரு தடவ ஜன்னலோரமா உக்காந்துட்டு வாரேன்."

ஆக்டிங் டிரைவர் என்றால் தெரியுமல்லவா, நம்முடைய வண்டியை நாள் கூலிக்கு வந்து ஓட்டிக்கொடுக்கிற ஆள். நான் சிரித்துவிட்டேன். வேடிக்கையாகச் சொல்கிறார் என்றுதான் நினைத்தேன். எழுபது வளைவை ஒற்றைக் கையில் ஒடிக்கிற மனுஷன் வீட்டில் இருக்கும்போது யாராவது டிரைவருக்குக் காசு கொடுப்பார்களா? அதையே அவரிடமும் சொன்னேன். அதற்கு மேல் தம்பி வேறு அப்படிச் சொல்லியிருக்கிறான். பேட்டாவும் சாப்பாடும் சேர்ந்தால் ஆறாயிரம் ஆகும். அந்தப் பணத்தில் பஸ் சஃபாரிக்குப் பதிலாக மகளை ஜீப் சஃபாரிக்கே கூட்டிப்போகலாம் என்று விளக்கினேன். அவர் மறுபடி கட்டை விரலை நீவத் தொடங்கினார். அந்தப் பயணத்தில் அவர் கேட்டது அந்த ஒன்றுதான். சாப்பாடு, லாட்ஜ், புலி எதைப் பற்றியும் அவர் வாய் திறக்கவில்லை. நான் டிரைவர் பேட்டாவை எழுதக்கூட இல்லை, அதனால் அடிக்க வேண்டிய அவசியமும் வரவில்லை.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். கடைசியில் 'இதர செலவு' என்று நான்காயிரத்து ஐந்நூறு ஒதுக்கி வைத்திருந்தேன். அது என்ன இதர என்று மகள் கேட்டாள். அவசர ஆத்திரத்துக்கு என்றேன். மைசூரில் பட்டுச் சேலை எடுக்கிற அவசரம் எனக்கு இருந்தது.

கல்யாணமான முதல் ஆறு வருஷம் நாங்கள் மலைக்குக் கீழே குடியிருந்தோம். தினமும் அவர் பஸ்ஸில்தான் பள்ளிக்கூடத்துக்கு வருவேன். டிரைவருக்கு நேர் பின்னால் இருக்கிற சீட் எனக்கு எழுதாத பட்டா. அப்படி ஆறு வருஷம் நான் பார்த்ததெல்லாம் அவருடைய பின்கழுத்தைத்தான். முடி வெட்டி எத்தனை நாள் ஆச்சு, காலர் எங்கே நைந்திருக்கிறது, எந்த வளைவில் கழுத்து நரம்பு புடைக்கும் என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம். வண்டி ஓட்டும்போது அவர் பேச மாட்டார். நானும் பேச்சுக் கொடுக்க மாட்டேன். அதைப் பெரிய புரிதல் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

கிளம்பிய அன்று எழுபது வளைவு இறங்கி, நாமக்கல், ஈரோடு தாண்டி, சத்தியமங்கலத்துக்கு மேலே திம்பத்தில் இன்னும் இருபத்தேழு வளைவு ஏறினோம். லீவு போட்ட மனுஷன் முதல் நாளே தொண்ணூற்றேழு வளைவு ஒடித்தார். நான் முன் சீட்டில் உட்கார்ந்து புளிசாதப் பொட்டலத்தைப் பிரித்து அவருக்கு ஊட்டாத குறையாகக் கொடுத்தேன். ஓட்டலுக்கு நிறுத்தினால் நேரமும் போச்சு, காசும் போச்சு. மேலே காட்டு ரோட்டில் மகள் திடீரென்று என் தோளைப் பிடித்துக் குலுக்கினாள். மூங்கில் புதரை ஒட்டி ஒரு யானை, குட்டியோடு, ரோட்டுக்கு இருபதடி தூரத்தில் நின்றது. டிக்கெட் இல்லாமல் பார்த்த யானை என்பதால் எனக்கு இரட்டை சந்தோஷம். "அப்பா, பாத்தீங்களா, பாத்தீங்களா" என்று மகள் கேட்டாள். எதிரே கரும்பு லாரி வந்துகொண்டிருந்தது. அவர் திரும்பவில்லை.

"ரோட்டப் பாக்கோணும் கண்ணு. யானை எங்க போகப்போவுது."

யானை அங்கேயேதான் இருந்தது. நாங்கள்தான் கடந்து போய்விட்டோம். வண்டியை நிறுத்தக் கூடாது என்று போர்டு இருந்தது.

மைசூர் லாட்ஜில் வண்டியை நிறுத்துவதற்கு அவர் பின்பக்கம் போனார். நானும் மகளும் பெட்டிகளோடு வரவேற்பு மேஜை முன்னால் நின்றோம். அங்கே இருந்த ஆள் நன்றாகத் தமிழ் பேசினார். ஆதார் கார்டை வாங்கிக்கொண்டிருந்தபோது என் கணவர் சாவியைக் கையில் சுழற்றிக்கொண்டே உள்ளே வந்து ஓரமாக நின்றார். அவர் எங்கே போனாலும் ஓரமாகத்தான் நிற்பார், யாருக்காகவோ காத்திருப்பதுபோல. மேஜைக்காரர் அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு என்னிடம் மரியாதையாகச் சொன்னார்: "டிரைவர் தங்கறதுக்குக் கீழ இடம் இருக்கும்மா. அதுக்குத் தனியா பணம் வேணாம்."

எனக்கு முகம் சூடானது. மகள் தரையைப் பார்த்தாள். என் கணவர்தான் சிரித்தார்.

"நானும் இவங்க ஊட்டு ஆளுதானுங்க" என்றார்.

மேஜைக்காரர் பதறிப்போய் மன்னிப்புக் கேட்டார், அன்று ராத்திரி சூடாகப் பால் அனுப்பி வைத்தார். அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அவர் பார்த்தது என்ன? இரண்டு பேர் பெட்டியோடு நிற்கிறார்கள், ஒரு ஆள் சாவியோடு நிற்கிறார். என் நோட்டைப் பார்த்திருந்தாலும் அவர் அதே முடிவுக்குத்தான் வந்திருப்பார்.

மறுநாள் ஊர் சுற்றியதில் அது இன்னும் மோசமாகத் தெரிந்தது. அரண்மனைக்குப் போனால் கூட்டம் நெரிகிறது, வண்டி நிறுத்த இடமில்லை. "நீங்க எறங்கிப் பாத்துட்டு வாங்க, நான் வண்டிகிட்ட இருக்கேன்" என்றார். சரி என்று இறங்கிவிட்டோம். உள்ளே தங்க அம்பாரியையும் பெரிய பெரிய கண்ணாடிகளையும் பார்க்கும்போதெல்லாம் அவர் வெயிலில் எந்தச் சந்தில் நிற்கிறாரோ என்ற நினைப்பு வந்துகொண்டே இருந்தது. இரண்டு மணி நேரம் கழித்து வந்தால், வேறு டூரிஸ்ட் வண்டி டிரைவர்கள் நான்கு பேரோடு மரத்தடியில் நின்று டீ குடித்துக்கொண்டிருந்தார். அவர்களும் சவாரிக்காகக் காத்திருந்தவர்கள். மிருகக்காட்சி சாலையிலும் அதே கதை. மாலில் மகள் எஸ்கலேட்டரில் ஏழு முறை ஏறி இறங்கினாள், அவர் பார்க்கிங் காசு வேண்டாமென்று வெளியே வண்டியோடு நின்றார்.

அன்று சாயங்காலம் செலவு எழுத நோட்டை எடுத்தேன். எல்லாம் பட்ஜெட்டுக்குள் இருந்தது. வழக்கமாக அப்போது எனக்கு மனசு நிறையும். அன்றைக்கு ஒவ்வொரு மிச்சமாகப் பார்த்துக்கொண்டே வந்தேன். வண்டி வாடகை மிச்சம், அவர் ஓட்டுவதால். காட்டில் தங்காத மிச்சம், அவர் போக வர ஓட்டுவதால். ஓட்டல் மிச்சம், ஆட்டோ மிச்சம், பார்க்கிங் மிச்சம். நான் கெட்டிக்காரத்தனம் என்று நினைத்ததெல்லாம் ஒரே ஆளின் தோளிலிருந்து எடுத்தது. எனக்கு வெட்கமாக இருந்தது. அந்த ஆள் கட்டிலில் குப்புறப் படுத்து, மகளை முதுகின் மேல் ஏறி மிதிக்கச் சொல்லிக்கொண்டிருந்தார்.

மூன்றாம் நாள் மத்தியானம் காட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது ஜீப் எல்லாம் முன்பதிவில் நிரம்பியிருந்தது. முன்பதிவு செய்ய வேண்டும் என்று செல்போனில் தெளிவாகப் போட்டிருந்ததை நான்தான் கவனிக்கவில்லை. விலையை மட்டும் பார்த்திருக்கிறேன். பேட்டாவை வெட்டி ஜீப்புக்கு ஒதுக்கிய பணம் அப்படியே கையில் இருந்தது, ஜீப் இல்லை. காட்டிலாகா பஸ்ஸில்தான் இடம் கிடைத்தது. மகளுக்கு முகம் தொங்கிப்போனது. பஸ் என்றால் எங்கள் வீட்டில் அவ்வளவு அலுப்பு.

அவரை ஜன்னலோரம் உட்காரச் சொன்னேன். "புள்ள உக்காரட்டும்" என்றார். புள்ளைக்கு முன்னால் இடம் இருக்கிறது என்று சொல்லி அவரைத் தள்ளாத குறையாக உள்ளே அனுப்பி, நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். மகள் எங்களுக்கு முன் சீட்டில். பஸ் மண் பாதையில் திரும்பியது. முதல் கால் மணி நேரம் அவர் பயணியாக இல்லை. ஒவ்வொரு திருப்பத்திலும் வலது கால் தரையை அழுத்தியது, இல்லாத பிரேக்கை. மேடு வரும்போது இடது கை தொடையிலிருந்து எழுந்து கியரைத் தேடியது. "செகண்டுல போட்டிருக்கோணும்" என்று ஒருமுறை முணுமுணுத்தார். மான் கூட்டம் வந்தது, மயில் வந்தது, ஒரு காட்டெருமை எங்களை ஏளனமாகப் பார்த்துவிட்டுப் போனது. அதன்பிறகு அவர் கால் அடங்கியது. கொஞ்ச நேரத்தில் தலை ஜன்னல் கம்பியில் சாய்ந்தது.

அவர் வண்டிக்குள் தூங்கி நான் பார்த்ததே இல்லை. யார் ஓட்டினாலும் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு ரோட்டையே பார்ப்பார். இப்போது வாய் லேசாகத் திறந்து, நெற்றிச் சுருக்கம் விலகி, வேறு யாரோ போல இருந்தார். ஆறு வருஷம் பின்கழுத்தைப் பார்த்துக்கொண்டு போனவள், ஓடுகிற வண்டிக்குள் அந்த முகத்தை அன்றைக்குத்தான் அவ்வளவு நேரம் பார்த்தேன்.

அப்போதுதான் பஸ் நின்றது. யாரோ மூச்சை இழுத்தார்கள். இடது பக்கம், எங்கள் ஜன்னலுக்கு நேராக, குட்டை ஓரத்தில் புலி. படுத்திருந்தது எழுந்து, சாவகாசமாக இரண்டு எட்டு வைத்து, தண்ணீரில் வாயை வைத்தது. எல்லோரும் எங்கள் பக்கம் சாய்ந்துவிட்டார்கள். மகள் செல்போனில் படம் எடுத்துக்கொண்டே பின்னால் திரும்பி அவர் தோளைத் தொடக் கையை நீட்டினாள். நான் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டேன். வேண்டாம் என்று தலையசைத்தேன். அவள் என்னைப் பைத்தியத்தைப் பார்ப்பதுபோல் பார்த்தாள். ஆயிரக்கணக்கில் பணம் கட்டி, நானூறு கிலோமீட்டர் வந்து, புலியைப் பார்க்க விடாமல் தடுப்பது அதுவும் நானா என்று அவள் நினைத்திருக்க வேண்டும். புலி மூன்று நிமிஷம் இருந்தது. அவர் மூக்கு மெல்லச் சத்தம் போட்டுக்கொண்டிருந்தது. நான் பாதி நேரம் புலியைப் பார்த்தேன், பாதி நேரம் அவரை.

கேட்டுக்கு வந்து பஸ் நின்றதும்தான் விழித்தார். வெளியே வந்ததும் மகள் பொறுக்கமாட்டாமல் படத்தைக் காட்டிவிட்டாள். அம்மா எழுப்ப விடவில்லை என்றும் போட்டுக்கொடுத்தாள். அவர் படத்தைப் பெரிசாக்கிப் பார்த்தார். வருத்தப்படுவார் என்று பயந்தேன்.

"புலி கெடக்குது கண்ணு. பஸ்ஸுல தூங்கறது இத்தன சொகமா? அதான் நம்ம பஸ்ஸுல ஏறுனதும் எல்லாம் தூங்கிடறாங்க" என்றார்.

மைசூர் திரும்பியதும் மேஜைக்காரரிடம் போய் ஆக்டிங் டிரைவர் கிடைப்பாரா என்று கேட்டேன். மறுநாள் காலையில் வருவதாக ஒரு தமிழ்க்காரரை ஏற்பாடு செய்தார். எங்களைக் காரவள்ளி வரை கொண்டுவந்து விடக் கூலி, சாப்பாடு, அவர் திரும்பி வர பஸ் காசு எல்லாம் சேர்த்து நான்காயிரத்துச் சொச்சம். ஜீப் பணத்தை எடுத்திருக்கலாம். மகள் ஏமாந்துபோயிருக்கிறாள், அந்தப் பணம் அவளுடையது, அடுத்த முறை ஜீப்புக்கே ஆகட்டும் என்று தொடவில்லை. 'இதர செலவு' தீர்ந்தது. சேலைக் கடை இருக்கிற தெரு வழியாகத்தான் மறுநாள் ஊரைவிட்டு வெளியே வந்தோம். நான் அந்தப் பக்கம் பார்த்தேன், பொய் சொல்வானேன். தம்பிக்குப் போன் போட்டு விஷயத்தைச் சொன்னேன். "மாமா வண்டிக்குள்ளதான இருப்பாரு? அப்பச் சரிக்கா" என்றான்.

அவரிடம் காலையில்தான் சொன்னேன். "எதுக்கு வீண் செலவு" என்று ஒரு தடவை சொன்னார். பிறகு குளித்து, இஸ்திரி போட்ட சட்டை போட்டு, பின் சீட்டில் ஜன்னலோரம் போய் உட்கார்ந்துகொண்டார்.

காரவள்ளிக்கு வந்தபோது பொழுது முழுக்கச் சாயவில்லை. ஆக்டிங் டிரைவர் இறங்கி மலையை நிமிர்ந்து பார்த்து, "இதுல நீங்க தினமும் ஏறி எறங்கறீங்களா?" என்று கேட்டு என் கணவர் கையைக் குலுக்கிவிட்டுப் போனார். மேலே அவர்தான் ஓட்டினார். ஓட்டும்போது பேசாத மனுஷன் முதல் வளைவிலேயே தொடங்கிவிட்டார். சத்தியமங்கலத்துக்கு முன்னால் காகிதப்பூ படர்ந்திருந்த வேலியைப் பார்த்தாயா, ஈரோட்டுப் பாலத்தில் ஒருத்தன் குதிரையைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு மொபெட்டில் போனானே, திம்பம் இறங்கும்போது கீழே சமவெளி வாழைத் தோப்பும் ஏரியுமாக எப்படி விரிந்து கிடந்தது என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தார். எனக்கு ஒன்றும் ஞாபகம் இல்லை. நான் தூங்கிக்கொண்டு வந்திருந்தேன்.

முப்பதாவது வளைவோ என்னவோ, மகள் கேட்டாள்: "அப்பா, நம்ம மலைல எந்த வளைவுல இருந்து பாத்தா கீழ நல்லாத் தெரியும்?"

அவர் வளைவை ஒடித்து முடித்தார்.

"தெரியலியே கண்ணு. நான் பாத்ததில்ல."

பத்தொன்பது வருஷம், நாளைக்கு எத்தனை நடை. வெளியூர்க்காரர்கள் வண்டியை நிறுத்திப் படம் எடுக்கிற அதே வளைவுகள். நல்லவேளை, நான் அழுதது இருட்டத் தொடங்கியதில் யாருக்கும் தெரியவில்லை.

அடுத்த வாரம் அவருக்கு ஓய்வு நாளாக வந்த ஞாயிற்றுக்கிழமை, கீழே போக வேண்டும் வாருங்கள் என்று கூப்பிட்டேன். என்ன வேலை என்று கேட்டார். வேலை ஒன்றும் இல்லை, போய்விட்டு அடுத்த பஸ்ஸில் வந்துவிடலாம் என்றேன். அன்றைக்கு ஓட்டியது அவரோடு வேலை பார்க்கிறவர். இவரைப் பார்த்ததும் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். ஜன்னலோரம் அவரை உட்கார வைத்தேன். கண்டக்டர் வந்து, "அண்ணன்கிட்டப் போயி டிக்கெட்டுக்குக் காசு வாங்குவாங்களா, வுடுங்கக்கா" என்றார். நான் விடவில்லை. சில்லறையைக் கையில் திணித்து இரண்டு டிக்கெட் கிழிக்கச் சொன்னேன். வீட்டுக்கு வந்ததும் அவற்றை அந்தக் கட்டம் போட்ட நோட்டில் ஒட்டினேன்.

பஸ் மலை இறங்கத் தொடங்கியதும் அவர் கால் தரையை அழுத்த ஆரம்பித்தது. நான் என் காலைத் தூக்கி அதன் மேல் வைத்தேன். ஐந்தாறு வளைவு தாண்டியதும் மரங்கள் விலகி, கீழே வயல்கள், ஓட்டு வீடுகள், நடுவே ஒரு ஏரி வெயிலில் மின்னிக்கொண்டு தெரிந்தது. அவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தார்.

"ஏம்புள்ள, அது எந்த ஊரு ஏரி?"

எனக்கும் தெரியவில்லை. நானும்தான் அத்தனை வருஷம் அவர் கழுத்தையே பார்த்துக்கொண்டு வந்திருக்கிறேன். கண்டக்டரைக் கேட்டுச் சொல்கிறேன் என்றேன்.